எவர்சில்வர் மணிக்கூடும் வன்னிப் புழுதியும்



துருப்பிடியா உருக்கு என்று நூல்களும், எவர்சில்வர் என்று நம் வீடுகளும் வழங்கும் உலோகத்தால் ஆன கைமணிக்கூட்டை வாங்குவோர், இதற்கு ஒரு கேடும் வராது என்ற நம்பிக்கையுடனேயே வாங்குகின்றனர். அந்த நம்பிக்கையிற் பாதி சரியானது. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பார் இரும்புடன் குரோமியம் சேர்த்து ஆக்கிய உருக்கின் வழிவந்தது இது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமொன்றை மேலே போர்த்துவிடுகிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானாகவே மீண்டும் படர்ந்துவிடும். ஆனால், துருவை வெல்வது வேறு. கீறலைத் தாங்குவது வேறு.

எப்பொருள் எப்பொருளைக் கீறும் என்பதைக் காட்ட, பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1812இல் பத்துப் படிகள் கொண்ட வரிசையொன்றை வகுத்தார். அதில் நம் நகம் ஏறக்குறைய 2½, வைரம் 10. மணிக்கூட்டு உருக்கு 5½ அளவில் நிற்கிறது. மணலில் மிகுந்துள்ள படிகக்கல்லோ 7. முல்லைத்தீவுக் கரையோரமாகத் தெற்கே கொக்கிளாயைக் கடந்தால் வரும் புல்மோட்டை மணலில், அதனினும் சற்றுக் கடிய சேர்கோன் என்னும் கனிமமும் உண்டு. ஆகவே, கிரவல் வீதியில் எழும் செம்புழுதியின் ஒரு துகளே உருக்கில் கோடு இழுக்கப் போதுமானது. நெல் உமியிலும் சிலிக்கா நிறைந்திருக்கிறது. காலபோக அறுவடையின்போது சூட்டுக்களத்தில் நிற்பவரின் மணிக்கூடு மங்குவதில் வியப்பில்லை.

புழுதி மேலே படிந்திருக்கும்வரை பெரிய தீங்கு இல்லை. அதை நாம் தேய்க்கும்போதுதான் கீறல் பிறக்கிறது. வயலால் வந்ததும் சாரத்தின் நுனியால் கண்ணாடியையும் சங்கிலியையும் அழுத்தித் துடைக்கிறோமல்லவா? மணற்றாள் கொண்டு உரைப்பதற்கும் அதற்கும் அதிக வேற்றுமை கிடையாது. முதலில் புழுதியை ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். நீர் புகாத மணிக்கூடாயின், சாவிக் குமிழை நன்றாக அழுத்திப் பூட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கலாம். பழைய மணிக்கூடுகளின் இரப்பர் வளையம் இறுகியிருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. ஆனையிறவு, நந்திக்கடல் போன்ற உப்புக் காற்றுள்ள இடங்களில் இருப்போர் வியர்வையையும் உப்பையும் சங்கிலிக் கண்ணிகளிடையே தங்கவிடக் கூடாது. முன்சொன்ன படலத்தை அரித்துத் துளையிட வல்லது உப்பு. சாம்பலும் உமிக்கரியும் சட்டிபானையோடு நிற்கட்டும்.

இனி, விழுந்துவிட்ட கீறலை என்ன செய்வது? கடைக்குக் கொடுத்து மினுக்குவிக்கலாம் என்பார்கள். மினுக்குதல் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உருக்கை உரைத்து நீக்குவது. நீங்கிய உலோகம் திரும்பி வாராது. இரண்டு மூன்று முறை மினுக்கினால் விளிம்புகள் மழுங்கி, பின்மூடியில் பொறித்த எழுத்தும் தேய்ந்து போகும். மேலும், பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்த பழைய மணிக்கூடுகள் பலவற்றில் அம்மூடி மட்டுமே உருக்கு. முன்பகுதி குரோமியம் பூசிய பித்தளை. அதை மினுக்கினால் பூச்சுப் போய் மஞ்சள் வெளிப்படும்.

வன்னியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2009இல் வீடு வாசல், காணி உறுதி, படங்கள் யாவற்றையும் விட்டு, உடுத்த உடையுடன் வவுனியா முகாம்களுக்கு வந்துசேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அவற்றுட் சிலவற்றில் தகப்பனார் கையில் இருந்த மணிக்கூடு ஒன்றே எஞ்சிய பொருள். அதன் கீறல்கள் பதுங்குகுழியின் மண்ணால் விழுந்தவையாகவும் இருக்கலாம். அத்தகையதை மினுக்கக் கொடுக்குமுன் வீட்டிலுள்ள முதியவரைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஓடாவிட்டால் பொறியை மட்டும் திருத்துவிக்கலாம். புறத்தைத் தொட வேண்டாம் என்று திருத்துநரிடம் முற்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், உங்களுக்கு நன்மை செய்வதாக எண்ணி அவர் மினுக்கியே தருவார்.

வைக்கும் முறைக்கு வருவோம். திறப்பு, சில்லறைக் காசு, இன்னொரு மணிக்கூடு ஆகியவற்றுடன் ஒரே லாச்சியில் போடுவது கூடாது; உருக்கை உருக்கே கீறும். சங்கிலியை மடித்து வைத்தால் கொளுவி பின்மூடியில் உரசும். துணியை வளையல் அளவுக்குச் சுருட்டி, அதன்மேல் மணிக்கூட்டைப் பூட்டி, தனிப் பையிலோ சிறு பெட்டியிலோ வையுங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரையிலான மாரியில் தோற்பட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். பட்டியைக் கழற்றி வேறாக வைப்பது நன்று. மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் பெட்டியில் இடலாம். பற்றரியால் ஓடும் மணிக்கூட்டை நெடுங்காலம் பூட்டி வைப்பதாயின், பற்றரியைக் கடையில் கழற்றுவித்துக்கொள்ளுங்கள். தீர்ந்த பற்றரி கசிந்து, கீறலே இல்லாத மணிக்கூட்டையும் உள்ளிருந்து தின்றுவிடும்.