கட்டுக்கரைக் குளமும் அதன் காவலும்



மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நீண்டு கிடக்கும் ஒரு மண்மேட்டைக் காண்கிறோம். அதன்மேல் ஏறி நின்றால் கடலோ என ஐயுறும்படி நீர்ப்பரப்பு விரிகின்றது. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்னும் பொருள்படப் பெயரிட்டு வழங்கிய கட்டுக்கரைக் குளம் இதுவே. மடுத்திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகரும், விடுமுறை நாளிற் குடும்பத்தோடு புறப்படும் ஊரவரும், பறவைகளைக் காண வரும் அயல்நாட்டவரும் இங்கு இறங்கிச் சிறிது நேரம் காற்று வாங்காமற் போவதில்லை. உழவர்க்கு உயிராகிய இக்குளம் ஏனையோர்க்கு ஓர் உல்லாசத் தலமாகவும் ஆகிவிட்டது. அது நன்றே. ஆயினும், நாம் கால்வைத்து நிற்கும் அந்த மண்மேடு எத்தகையது, அதை யார் காக்கின்றார்கள், அது பழுதுற்றால் என்ன நிகழும் என்பவற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

குளத்தின் பெயரையே முதலில் நோக்குங்கள். கட்டப்பட்ட கரை, கட்டுக்கரை. நீரின் பெருமையையோ, வெட்டுவித்த மன்னனின் புகழையோ நம் முன்னோர் பெயராக வைக்கவில்லை. கரையையே பெயராக்கினார்கள். கரை இன்றேல் குளம் இல்லை என்ற உண்மை அப்பெயருள் அடங்கியிருக்கின்றது.

இக்குளம் ஐந்தாம் நூற்றாண்டில் அரசாண்ட தாதுசேன மன்னன் காலத்தது என்று கருதுவோர் உளர். பேராசிரியர் புஷ்பரட்ணம் தலைமையில் அண்மை ஆண்டுகளில் இப்பகுதியில் நடைபெற்ற அகழாய்வோ, அதற்கும் நெடுங்காலம் முன்பே இங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதைப் புலப்படுத்தியது. அநுராதபுரத்தைத் தழுவி வருகின்ற மல்வத்து ஓயா நம் மாவட்டத்தில் அருவியாறு எனப் பெயர் பெறுகின்றது. அவ்வாற்றின் குறுக்கே, பெருங்கற்களைக் கொண்டு பண்டையோர் அமைத்த அணை தேக்கம் எனப்படும். அங்கிருந்து வாய்க்கால் வழியாக நீர் கட்டுக்கரைக்கு வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டைப் பற்றி எழுதிய எமர்சன் தெனந்து என்னும் அதிகாரி, பண்டையோர் நிலமட்டத்தைப் பிழையாகக் கணித்து வீண்வேலை செய்தனர் என்று கருதினார். பின்னர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் மட்டம் பார்த்தபோது பிழை பண்டையோரிடத்தில் இல்லை என்பது தெளிவாயிற்று. அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் குளம் மீண்டும் திருத்தப்பெற்றது. இன்று இதன் நீர் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்பி, நானாட்டான், முருங்கன் முதலான ஊர்களின் நெல்வயல்களை வாழ்விக்கின்றது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மேற்குளத்திலிருந்து கீழ்க்குளத்திற்கு நன்மை செல்லும் வழியே தீமையும் செல்லும் வழியாகும். மேலுள்ள கட்டு ஒன்று உடைந்தால், அதன் வெள்ளம் கீழுள்ள கட்டையும் உடைத்துக்கொண்டு அடுத்ததை நோக்கி ஓடும். ஆதலின் ஓர் ஊரின் கட்டுக்காவல் அவ்வூருக்கு மட்டும் உரிய காரியம் அன்று.

மண்ணாலான குளக்கட்டுக்குப் பகை இரண்டு. ஒன்று மேலால் வருவது. மற்றது உள்ளால் வருவது. மிகுந்த நீர் வான் வழியாக வெளியேற இயலாது கட்டின் முடிமேல் வழிந்தோடுமாயின், மண் சில மணி நேரத்திற் கரைந்து போகும். 1957 டிசெம்பரிற் பெய்த பெருமழையில், நமது அருவியாற்றின் மேற்புறத்தே உள்ள நாச்சதூவக் குளத்தின் கட்டு உடைந்தது. இது கண்ணுக்குத் தெரியும் பகை.

மற்றைய பகை கண்ணுக்குத் தெரியாதது. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் விடியற்கு முன், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அங்கு வெள்ளம் கட்டின்மேல் ஏறி வரவில்லை. கட்டினுள்ளே புகுந்த நீர் மண்ணைச் சிறுகச் சிறுக அரித்து வழி செய்துகொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த குளம் ஓர் இரவில் உடைந்தது. பழமை பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலின்போது அருவியாறு பெருக்கெடுத்து, நம் மாவட்டத்தின் வயல்களையும் ஊர்களையும் நீரில் ஆழ்த்தியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கால்நடைகளை இழந்தவர்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. மூதூர்ப் பக்கத்து மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்ததும் அப்புயலிலேயாம். பெருமழை எப்பொழுதோ வருவது என்று நாம் ஆறியிருக்கும் காலம் கடந்துவிட்டது.

இனி, நாம் செய்யக்கூடியது யாது? நீர்ப்பாசனத் திணைக்களத்தாரின் பொறுப்பு அவர்களுடையது. துருசைத் திறப்பதும் அடைப்பதும், கட்டைத் திருத்துவதும் அவர்தம் கடமை. எனினும், நீண்டு கிடக்கும் ஒரு கட்டின் ஒவ்வொரு முழத்தையும் நாள்தோறும் பார்க்க எந்தத் திணைக்களத்திற்கும் ஆள் போதாது. கட்டின்மேல் நாள்தோறும் நடப்பவர் உழவரும், இடையரும், மீனவருமே. அவர்களுடைய கண்களே முதற் காவல்.

பார்க்க வேண்டியவை சிலவே. கட்டின் வெளிப்புற அடியிலே நீர் கசிவது புதுமையன்று. ஏறக்குறைய எல்லா மண்கட்டும் சிறிது கசியும். கசியும் நீர் தெளிவாக இருக்கின்றதா, கலங்கி வருகின்றதா என்பதே கேள்வி. கலங்கிய நீர் கட்டின் மண்ணைச் சுமந்து வருகின்றது என்று பொருள். அப்படியானால் ஒரு நாழிகையும் தாமதியாது அறிவிக்க வேண்டும். கசியும் வாயை வெளிப்புறத்திற் களிமண்ணால் அடைத்துவிட முயல்வது தவறு; நீர் வேறிடத்தில் வழி தேடும். திணைக்களத்தார் வரும்வரை, வாயைச் சுற்றி மணல்மூட்டைகளை வளையமாக அடுக்கி, மண் வெளியேறாது நீர் மட்டும் வடிய விடுவதே முறை. கட்டின்மேற் புதிதாகத் தோன்றும் பள்ளம், நீளவாக்கில் ஓடும் வெடிப்பு, கறையான் புற்று, உடும்பும் எலியும் தோண்டிய வளை ஆகியனவும் அறிவிக்கத் தக்கவை. கட்டில் மரம் நிற்பது நிழலுக்கு இனிது. ஆனால் மரம் பட்டபின் அதன் வேர் உக்கி, நீர் புகும் குழாயாக மாறிவிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சிறுபோகத்துக்கு நீர் போதாது என்னும் கவலையால், சிற்சில குளங்களில் வானின்மேல் மணல்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தும் வழக்கம் உண்டு. வயல் காய்வதைக் கண்டு நிற்கும் கமக்காரனின் மனத்தை நான் அறியாதவன் அல்லேன். ஆயினும் வான் என்பது வீணாக நீரை விடும் வாயில் அன்று. கட்டின் உயிரைக் காக்கும் வாயில். அதை அடைப்பவர் தம் வயலுக்கு ஓரடி நீரைச் சேர்க்கும்போது கீழூருக்கு ஒரு பெரும் ஆபத்தையும் சேர்த்து வைக்கிறார்.

உல்லாசமாக வருவோர்க்கும் சில வார்த்தைகள். துருசு திறந்திருக்கும்போது அதன் அருகே நீரின் மேற்பரப்பு அமைதியாகவே தோன்றும். அடியில் இழுப்போ வலிய நீச்சற்காரனையும் விடாது. வான் பாயும் காலத்திற் பாசி படர்ந்த கல்லின்மேல் நின்று படம் எடுப்பதும், ஆழம் அறியாத இடத்தில் இறங்கி நீராடுவதும் உயிரோடு விளையாடுதலேயாம். முதலை வாழும் நீர் என்பதையும் மறத்தலாகாது. கட்டின் சரிவிலே வாகனத்தை ஏற்றி இறக்குவதால் ஏற்படும் தடம், அடுத்த மழையில் ஓடையாகும். 1954 ஆம் ஆண்டிலேயே இக்குளமும் சுற்றுப்புறமும் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்றன. வாடைக் காற்றோடு தொலைதேசங்களிலிருந்து வரும் பறவைகள் இங்கே விருந்தினர். உண்ட பொதியின் பிளாத்திக்குப் பையையும் போத்தலையும் அவ்விருந்தினரின் இல்லத்தில் எறிந்து செல்வது நம் பண்புக்கு அழகாகுமோ?

முற்காலத்தில் வட்டவிதானையார் அழைத்தால் ஊரே மண்வெட்டியோடு கட்டுக்கு வரும். வயலின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் கட்டில் இத்தனை முழம் திருத்த வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. அந்த ஒழுங்கை அப்படியே மீட்டல் இயலாது. ஆயினும் அதன் உட்பொருளை மீட்கலாம். மாரி தொடங்குமுன் ஒரு நாள், கமக்காரர் அமைப்பினரும் திணைக்கள அலுவலரும் பாடசாலை மாணவரும் ஒருங்கே கட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்க்கட்டும். ஆண்டுதோறும் மாணவரைக் குளத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியன் என்ற முறையில் சொல்கின்றேன்: பறவைகளின் பெயரை ஆர்வத்தோடு கற்கும் பிள்ளை, தெளிந்த கசிவையும் கலங்கிய கசிவையும் வேறு பிரித்தறியவும் அதே ஆர்வத்தோடு கற்கும். எந்த நேரத்தில் யாருக்கு அறிவிப்பது, வெள்ளம் வந்தால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்பனவும் அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். இரவிற் கட்டு உடையுமாயின், முதலில் விழிக்க வேண்டியது அப்பிள்ளையின் வீடே.

குளத்தின் அழகை நாடிச் செல்வோம். செல்லும்போது அதன் கரையையும் ஒருமுறை குனிந்து நோக்குவோம்.