கணிதம் பயில எந்தப் பல்கலைக்கழகம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "பொறியியல் கிடைக்குமா?" கணிதமே பயில விரும்புகிறேன் என்று பிள்ளை சொன்னால், தோல்வியை ஒப்புக்கொண்டது போலப் பெற்றோர் முகம் வாடுகிறது. அந்த வாட்டத்தை நாமும் கண்டோம். விண்ணப்பம் அனுப்புவதற்கு முதல்நாள் இரவு பொறியியலைக் கீழே இறக்கிக் கணிதத்தை மேலே எழுதினோம். ஐயா மூன்று நாள் எம்மோடு பேசவில்லை.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது தெரிவுக்கு இடமில்லை, இருந்தது ஒன்றே. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. இன்று கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு எனப் பல இடங்களில் கணிதம் பயிலலாம். எதைத் தெரிவது?

முதலில் ஒன்றை உணர வேண்டும். மிஷன் பாடசாலையில் நாம் கற்றது கணிக்கும் கணிதம். பல்கலைக்கழகத்தில் காத்திருப்பது நிறுவும் கணிதம். வகையிடத் தெரிந்த எம்மிடம், எல்லை என்றால் என்னவென்று கேட்டார்கள். முதற் பரீட்சையில் இடறினோம். எம்மைத் தூக்கிவிட்டது கட்டிடமன்று. கதவைத் தட்டினால் திறந்த ஒரு விரிவுரையாளரும், மாலைதோறும் கூட இருந்து வாதாடிய இரு நண்பருமே.

இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் உதவிப்பணத்தை இழந்தார். 1914 இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது அவருக்குக் கிடைத்த பெரும்பேறு, தம் எழுத்தை வரிவரியாக வாசித்து "நிறுவல் எங்கே?" என்று கேட்ட ஹார்டி என்னும் மனிதரே.

ஆகவே, தம்பி தங்கையரே, பெயரை மட்டும் பாராது விசாரியுங்கள். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் கணிதத்தில் உண்டா? அதற்கு எத்தனை பேரை, எந்தப் பெறுபேற்றின்படி எடுக்கிறார்கள்? தூய கணிதம் கற்பிக்க நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர்? அங்கே பயில்பவர் ஒருவரைத் தேடிக் கேளுங்கள். விடுதிச் செலவையும் கணக்கிடுங்கள். பசித்த வயிற்றோடு நிறுவல் வராது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். சென்ற விடுமுறையில் ஐயா எமது கொப்பியைப் புரட்டி, "இதிலே இலக்கமே இல்லையே, இதுவும் கணக்கோ?" என்றார். அருகிலிருந்து ஒரு நிறுவலை விளக்கினோம். முடியும்வரை கேட்டார். பிள்ளைகளின் விண்ணப்பத்தை நிரப்புமுன், நீங்களும் அவ்வாறு ஒருமுறை கேளுங்கள்.