உப்பும் சர்க்கரையும் திறக்கும் வாசல்

(செவிலியர் பயிற்சி மாணவியருக்கு ஆற்றிய உரை)



வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய 60 சதவீதம் நீர். பிறந்த குழந்தைக்கு 75. ஆகவே வாந்திபேதியில் குழந்தையே சீக்கிரம் வாடிப்போகும்.

காலரா நச்சு, குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே இறைத்துவிடும். ஆனாலும் ஒரு வாசல் அடைபடுவதில்லை. சர்க்கரையோடு சேர்ந்தால் உப்பு உள்ளே போகும்; நீரும் பின்தொடரும்.

1971-இல் மேற்கு வங்காளத்தின் பங்கான் ஊரில் அகதிகளுக்குக் காலரா கண்டது. சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். உறவினர்களே புகட்டினார்கள். ஏறத்தாழ 30 சதவீதமாயிருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று.

ஆகையால், உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுதும் தாளை அற்பமாக எண்ணாதிருங்கள். குழிந்த கண்ணையும் குறைந்த சிறுநீரையும் முதலில் காண்பவர்கள் நீங்களே. பிள்ளை வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடியும் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். சோர்ந்துபோகாதிருங்கள்.