பந்தலைப் பிரிக்கும் செலவு

(அனுமந்தன்பட்டியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையில் ஒரு பொறியாளர் ஏறினால் புதிதாகக் கட்டப்போவதைப் பற்றித்தான் பேசுவார். நான் பிரிப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் நாட்டு அணுமின் நிலையங்களுக்கு வயதாகிறது. வயதான உலையை நிறுத்திய பிறகு அதை என்ன செய்வது? மின் நிலையங்களில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி இது.

நம்ம பக்கத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறவர் கல்தூண் விலை, கம்பி விலை, பதியன் விலை எல்லாம் கணக்குப் பார்த்துவிடுவார். கொடி ஓய்ந்து பந்தலைப் பிரிக்கும்போது ஆகிற கூலியை முதல் நாளே எழுதி வைத்தவர் யாராவது உண்டா? தோட்டத்தில் பரவாயில்லை, கல்லும் கம்பியும் விலை போகும். அனல்மின் நிலையத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். 1970ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அங்குள்ள இரும்பைக் காஸ் கட்டரால் வெட்டிப் பழைய இரும்பாக விற்கலாம். அணு உலையில் அது நடக்காது.

ஏன் நடக்காது? உலைக்குள் பல வருடம் நியூட்ரான் பட்ட உருக்கே கதிரியக்கம் உடையதாக மாறிவிடுகிறது. அதில் முக்கியமானது கோபால்ட்-60. புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைக்கிறது' என்று நம் ஊரில் சொல்வோமே, அதற்குப் பல காலம் பயன்பட்டது இந்தக் கோபால்ட்தான். பெரியாறு அணை 1895ல் கட்டியது. 1979க்குப் பிறகு கான்கிரீட் போட்டு, உருக்குக் கம்பிவடம் இறக்கிப் பலப்படுத்தினார்கள். ஆள் பக்கத்தில் நின்று வேலை செய்ய முடிந்தது. உலையின் வயிற்றுக்குள் அப்படி இஷ்டத்துக்கு ஆளை இறக்க முடியாது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு.

ஆகவே பிரிக்கும் வேலை படிப்படியாக நடக்க வேண்டும். முதலில் எரிபொருளை எடுக்க வேண்டும். கதிரியக்கத்தில் மிகப் பெரும் பங்கு அதோடு போய்விடும். பிறகு கனநீரை வடித்து, குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கப்புறம் இரண்டு வழி. ஒன்று, உடனே பிரிப்பது. இன்னொன்று, பூட்டிக் காவல் வைத்து, சில பத்தாண்டுகள் கழித்துப் பிரிப்பது. கோபால்ட்-60ன் அரை ஆயுள் 5.27 வருடம். 30 வருடம் காத்திருந்தால் அது ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தொழிலாளிக்கு அவ்வளவும் நல்லது.

நம் நாட்டு நிலவரத்தைப் பார்ப்போம். டிராம்பேயில் 1956ல் இயங்கத் தொடங்கிய 'அப்சரா' என்ற சிறிய ஆராய்ச்சி உலை 2009ல் நிறுத்தப்பட்டு, 2018ல் புதிய அப்சரா வந்தது. ஆனால் அது மின் நிலையம் அல்ல. ராஜஸ்தான் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2004 முதல் மின்சாரம் தரவில்லை, எரிபொருளை எடுத்துவிட்டார்கள். நம் கல்பாக்கத்தில் முதல் உலை 1984லும், இரண்டாவது 1986லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. நான் பிறப்பதற்கு முன்னால்! முதல் உலை 2018 ஜனவரியில் நீண்ட நிறுத்தத்துக்குப் போனது. இந்த இரண்டு உலைகளிலும் 306 அழுத்தக் குழாய்கள் வீதம் மொத்தமாகக் கழற்றிப் புதிதாக மாட்டிய அனுபவம் நம்மவர்களுக்கு உண்டு. சாதாரண வேலை இல்லை அது. பிரிப்பதற்கும் அந்தக் கைப்பழக்கம் வேண்டும்.

இனி பணம். அணுமின்சாரக் கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 காசு பிரிப்புச் செலவுக்கென்று வசூலிக்கும் முறை நம் நாட்டில் வந்தது. தம்பிகளா, ஒரு கணக்குப் போடுங்கள். 220 மெகாவாட் உலை வருடத்தில் 80 சதவீதம் ஓடினால் சுமார் 154 கோடி யூனிட். இரண்டு காசு வீதம் 3 கோடி ரூபாய். முப்பது வருடத்துக்கு, வட்டி சேராமல், 90 கோடி சொச்சம். இது போதுமா? அமெரிக்காவில் மெய்ன் யாங்கி என்ற நிலையத்தை 1997ல் மூடி 2005ல் பிரித்து முடித்தார்கள். நம்முடையதைவிடப் பெரிய உலைதான், கூலியும் அதிகம்தான். ஆனாலும் 50 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. எரிபொருள் கழிவு இன்னும் அதே இடத்தில் காவலில் இருக்கிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15ல் நிறுத்தியது. கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 1995ல் தொடங்கிய பிரிப்பு வேலையே பல பத்தாண்டுகளாக நீள்கிறது.

நம் கணக்குத் தணிக்கைத் துறை 2012ல் கொடுத்த அறிக்கை ஒரு விஷயத்தைச் சுட்டியது. பிரிப்புத் திட்டம் பற்றி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கையேடு வெளியிட்டு 13 வருடம் ஆன பிறகும், ஓடும் நிலையத்துக்கும் சரி, நிறுத்திய நிலையத்துக்கும் சரி, அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அது சொன்னது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஞாபகம். 2010ல் டெல்லியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் உபயோகமில்லாமல் கிடந்த கருவி ஏலத்தில் போயிற்று. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒரு தொழிலாளி இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். கோபால்ட் குறைந்துகொண்டுதான் இருந்தது. அதைவிட வேகமாக, அது அங்கே இருக்கிறது என்ற ஞாபகம் குறைந்துவிட்டது.

காத்திருப்பதில் உள்ள சிக்கல் இதுதான், நண்பர்களே. முப்பது வருடம் பூட்டி வைத்தால் கதிரியக்கம் குறையும். அதே முப்பது வருடத்தில், எந்த வால்வு எங்கே ஒட்டிக்கொள்ளும், எந்த அறையில் எப்போது கசிந்தது என்று தெரிந்த மனிதர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள். பராமரிப்புக்காரனுக்குத் தெரியும்: வரைபடத்தில் இருப்பது ஒன்று, களத்தில் இருப்பது வேறொன்று. நடுவில் செய்த மாற்றம் பல நேரம் ஒரு ஃபோர்மேனின் தலைக்குள்தான் இருக்கும்.

ஆகவே என் கருத்து இது. பிரிப்புத் திட்டத்தை உலை ஓடும்போதே எழுத வேண்டும். ஓட்டியவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை எழுதி வாங்க வேண்டும். வசூலித்த காசு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று மக்களுக்கு வருடாவருடம் சொல்ல வேண்டும். அணுமின்சாரம் வேண்டும் என்பவர்களுக்கும் இது தேவை, வேண்டாம் என்பவர்களுக்கும் தேவை. நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் பிரிக்கிற வேலை மிச்சம் இருக்கிறதே!

தம்பி தங்கைகளே, கல்பாக்கத்தின் பழைய உலைகளைக் கட்டியவர்கள் உங்கள் தாத்தா வயதுக்காரர்கள். பிரிக்கப் போகிறவர்கள் நீங்கள். இயற்பியல், வேதியியல், ரோபோ இயக்கம், கணக்கியல் எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் உங்கள் பெயர் வராது. அந்த இடத்தில் மறுபடி ஒரு குழந்தை பயமில்லாமல் நடக்க முடிந்தால், அதைவிடப் பெரிய கல்வெட்டு ஏது?