இறந்த மீனின் மூளை

மூளையின் ஒரு பகுதி உழைக்கத் தொடங்கியதும் பிராணவாயு நிறைந்த ரத்தம் அங்கே தேவைக்கு மிஞ்சியே பாய்கிறது என்பதையும், பிராணவாயுவை இழந்த ரத்தத்தின் காந்த சுபாவம் வேறு என்பதையும் ஆதாரமாகக் கொண்டு, 1990-இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்ட வழியில் பிறந்ததே, மண்டையைத் திறக்காமல் மூளையின் வேலையைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மூளைக் கட்டியை அறுக்குமுன் பேச்சுக்குரிய இடம் எதுவென்று வைத்தியர் பார்த்துக்கொள்ள உதவும் இது பெரிய வரப்பிரசாதந்தான். ஆயினும் அது காண்பது ரத்த ஓட்டத்தையே அன்றி எண்ணத்தை அன்று. நரம்பணு இமைப்பொழுதில் பேசி முடித்துவிட, ரத்தமோ ஐந்தாறு விநாடி கழித்தே உச்சத்தை எட்டுகிறது. படத்தைக் கணக்கிடும் முறையாலும் ஏமாற்றம் நேரலாம். அமெரிக்க ஆய்வாளர் கிரேக் பென்னட் குழுவினர் உயிரற்ற சால்மன் மீன் ஒன்றைக் கருவியில் கிடத்தி, மனிதரின் உணர்ச்சிகளைக் காட்டும் படங்களை அதன்முன் வைத்தபோது, பல்லாயிரம் புள்ளிகளைச் சோதிக்கையில் தற்செயலாய் நேரும் பிழையைத் திருத்தாத கணக்கில், அந்தச் செத்த மூளையிலும் சில புள்ளிகள் உழைப்பன போலச் சிவந்தன. திருத்திய கணக்கில் அவை மறைந்துபோயின.