இருமாமலே இறங்கும் பால்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டினால், "அது சளி உடம்பு, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பல குழந்தைகளுக்குக் காரணம் உடல்வாகு அன்று. விழுங்குவதில் உள்ள கோளாறு.

இக்குழந்தைகளுக்கு 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை 1959-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். இது பெற்றோர் செய்த பாவமும் அன்று, கிரகண தோஷமும் அன்று. இவர்களுக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். வாய் சிறிது, அதற்கு நாக்கு பெரிது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் இசைந்து நடக்காவிட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நமக்குப் புரையேறினால் இருமுகிறோம். இவர்களில் பலர் இருமுவதே இல்லை, தாய்க்கும் தெரிவதில்லை. இது தொடர்ந்தால் நிமோனியா திரும்பத் திரும்ப வந்து நுரையீரல் பழுதாகும். ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவி இருதயக் குறையும் உண்டு. அவர்களுக்கு இது இரட்டைச் சுமை.

குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், கண்ணில் நீர் வருதல், உதடு நீலமாதல், பால் குடிக்க நெடுநேரமாதல், எடை ஏறாமை: இவற்றைக் கண்டால், "விழுங்கும் பரிசோதனை தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேரியம் கலந்த உணவு இறங்கும் வழியை எக்ஸ்-ரே அசைபடமாகக் காட்டும். பிறகு பேச்சுச் சிகிச்சையாளர் எப்படி உட்கார வைப்பது, எந்தப் புட்டி, பால் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்று சொல்லித் தருவார். அவரைக் கேளாமல் மாவு கலக்காதீர்கள்.

குழந்தையைப் படுக்க வைத்துப் பாலாடையில் ஊற்ற வேண்டாம். கஞ்சியைவிடத் தண்ணீரே தொண்டையில் விரைந்து ஓடும். ஆகவே கோயில் தீர்த்தத்தையும் இக்குழந்தையின் வாயில் ஊற்றாமல் தலையில் தெளியுங்கள், அருள் குறையாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் புகை அருகில் வேண்டாம். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள், நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2020 டிசம்பர் முதல் நம் நாட்டுத் தேசியத் திட்டத்தில் உள்ளது.

நன்கொடையாளர்களே, செபராங் பிறையிலிருந்து பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் மருத்துவமனைக்கு வரும் தாய் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். அடுத்த தவணைக்கு அவள் வராமல் போக அதுவே போதும். அவளுடைய வண்டிச் செலவை ஏற்பதும் அன்னதானத்துக்கு ஒப்பான அறம். ஊட்டிய உணவு குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா?