கண்ணீருக்கும் இடமுண்டு



ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் மலைச்சரிவை மூடிய பனி விலகுமுன்பே நம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம். கையால் கொழுந்து பறித்த காலம் மாறி, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் மூட்டை தராசில் ஏறும்போது நம் மனமும் கூடவே ஏறுகிறது. இன்று எத்தனை கிலோ? மழை பிடித்துக்கொண்டால் சம்பளம் என்ன ஆகும்? வேலை நின்றால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டுமே, எங்கே போவது?

இந்தக் கவலைகளுக்கு நடுவில் வீட்டில் ஒரு சாவும் நேர்ந்துவிட்டால்? கிறிஸ்தவ வீடுகளில் அப்போது ஒரு பேச்சு எழுவதுண்டு. “விசுவாசமுள்ளவள் இப்படி அழலாமா?” என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டவள் வெளியே சிரித்து, உள்ளே வெந்துபோகிறாள். அழுகை விசுவாசக் குறைவா? இதைத்தான் இன்று சிந்திப்போம்.

யோவான் எழுதிய நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. அவனை எழுப்பப் போவது இயேசு பெருமானுக்குத் தெரியும். ஆயினும் மரியாளும் உடன் வந்தவர்களும் அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். முடிவை அறிந்தவரே அழுதார் என்றால், நாளையை அறியாத நாம் அழுவது எப்படிக் குற்றமாகும்?

வேலையாலும் பயத்தாலும் சோர்ந்தவர்களுக்கு எலியாவின் கதை இருக்கிறது. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் அவர் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, இனிச் சாவே போதும் என்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான். அவர் உண்டு மறுபடியும் உறங்கினார். இரண்டாம் முறையும் உணவு கிடைத்தது. அதன் பிறகுதான் பயணம். சோர்ந்தவருக்கு முதலில் வேண்டியது சோறும் உறக்கமும். புத்திமதி பிறகு வரலாம்.

துக்கம் நம் தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. 1942-43ஆம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையைப் போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவுக்கும் பசிக்கும் பலியாகித் திரும்பாதவர்கள் ஏராளம். அடக்கம் செய்ய உடல் இல்லை. பூ வைக்கக் கல்லறை இல்லை. அந்தக் கதையைக் கேட்டால் இன்றும் நமக்குக் கண் கலங்குகிறது. அன்பு இருந்த இடத்தில் கண்ணீர் இருக்கும்.

ஆகவே துக்க வீட்டுக்குப் போகும்போது வசனத்துக்கு முன் சோற்றைக் கொண்டுபோவோம். மூன்றாம் நாளோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் மாதமும் எட்டிப்பார்ப்போம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். அதைக் கேட்கத்தான் அந்தத் தாய் ஏங்குகிறாள்.

இன்னொன்று. சம்பாதித்தவர் இறந்துவிட்டால், சொக்சோவில் வாரிசுகளுக்கான ஓய்வூதியமும் அடக்கச் செலவுக்கான உதவியும் உண்டு. சந்தா முதலிய நிபந்தனைகளை விசாரித்து உடனே விண்ணப்பிக்க வேண்டும். ஊழியர் சேமநிதியில் வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று உயிரோடு இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெபம் செய்கிறவர் பாரத்தில் கையெழுத்துப் போடுவதும் விசுவாசந்தான். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இல்லை, சாக வேண்டும் என்ற நினைப்பே வருகிறது என்றால், தாமதிக்காமல் தானா ராத்தா அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எலியாவுக்கு அடை கொடுத்து அனுப்பியவரே நமக்கு மருத்துவரையும் தந்திருக்கிறார்.

அந்தந்த நாளின் பாடு அந்தந்த நாளுக்குப் போதும் என்பது இயேசு பெருமானின் போதனை. தேயிலை மலையில் உழைக்கும் நமக்கு இது விளங்காததா? மலை முழுவதையும் ஒரே நாளில் யாரும் வெட்டி முடிப்பதில்லை. நமக்கு முன்னே இருப்பது ஒரு நிரைதான். பக்கத்து நிரையில் ஒருவர் துணைக்கு நிற்கிறார். இன்று மாலை, உங்கள் லயத்தில் யார் வீட்டு விளக்கு வெகுநேரம் அணையாமல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கதவைத் தட்டுங்கள்.